தொப்பூர் இறக்கத்தில் லோடு டிரெய்லர்: எந்த கியரில் இறங்குவது?

காரிமங்கலம் டிரெய்லர்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். இதுவரை பத்து சக்கர லாரி ஓட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து டிரெய்லர். முதலாளி வாங்கியிருப்பது ஒரே டிரைவ் அச்சு உள்ள குதிரை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி), பின்னால் மூன்று அச்சு டிரெய்லர். மொத்த எடை 45.5 டன் பாஸ். மேனுவல் கியர், ஒன்பது ஸ்பீடு பெட்டி. சேலத்திலிருந்து இரும்புக் காயில் (தகட்டுச் சுருள்) ஏற்றி ஓசூருக்குப் போக வேண்டும். திரும்பும்போது ஓசூர் கம்பெனிகளில் கிடைக்கிற லோடு, சேலம் அல்லது கோவைப் பக்கம். ஆக, போகும்போது தொப்பூரும் மேலுமலையும் ஏற்றம், வரும்போது இரண்டும் இறக்கம்.

நான் கேட்க நினைப்பது இறக்கத்தைப் பற்றித்தான். இரண்டு டிரைவர்களிடம் கேட்டேன். ஒருவர், "தொப்பூர்க் கட்டமேடு வந்ததும் நியூட்ரல் போட்டு விடு, வண்டி தானாகப் போகும், டீசல் மிச்சம்" என்றார். இன்னொருவர் ஏழாவது கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கச் சொன்னார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. முதலாளி டீசல் கணக்கு கறாராகப் பார்ப்பவர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் டிராபிக் நின்று, மேட்டில் லோடோடு நகர்த்த வேண்டி வந்தால் கிளட்ச்சை எப்படிக் காப்பாற்றுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

தொப்பூர்க்காரன்:

தம்பி, நான் லாரி ஓட்டுபவன் இல்லை. கணவாய்க்குப் பக்கத்து ஊர். நியூட்ரல் என்ற பேச்சை எடுத்தவரிடம் இனி வழி கேட்காதீர்கள்.

2020 டிசம்பரில் சிமெண்ட் லோடு ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்ற கார்களையெல்லாம் வரிசையாக இடித்துத் தள்ளியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின, நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே கார் சிக்கித் தீப்பிடித்தது, அதிலும் நான்கு உயிர். இவை ஊர் முழுக்கப் பேசப்பட்டவை. பேசப்படாமல் போனவை எத்தனையோ. சத்தம் கேட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் கடப்பாரையும் தண்ணீர்க் குடமுமாக ஓடுகிறார்கள். இறந்தவர்களில் பலர் லாரியில் வந்தவர்கள்கூட இல்லை, குடும்பத்தோடு காரில் போனவர்கள்.

சாலையும் ஏமாற்றும். தர்மபுரியிலிருந்து வரும்போது நான்கு வழிச் சாலை அகலமாக, நேராக, சுகமாக இருக்கும். பாளையம் சுங்கச்சாவடி தாண்டியும் அதே சுகம். வடக்கேயிருந்து நாள் முழுக்க ஓட்டி வருகிறவனுக்குத் தான் ஒரு மலையின் தலையில் நிற்கிறோம் என்றே தெரியாது. எச்சரிக்கைப் பலகையும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும் நேரத்தில் வண்டி ஏற்கெனவே 60-ல் இருந்தால் கேட்டு என்ன பயன்?

காவேரிப்பட்டணம் பழைய டிரைவர்:

எங்கள் காலத்துப் பாடம் ஒரே வரிதான். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கிளீனராக இருந்தபோதே இதைச் சொல்லிவிட்டார். தொப்பூரை லோடோடு நான்காவதில் ஏறினால் நான்காவதில் இறங்கு. கியரை மலையின் தலையிலேயே போட்டுவிட வேண்டும். இறக்கத்தில் இறங்கிய பிறகு கியர் தேடக் கூடாது. எக்சாஸ்ட் பிரேக் ஸ்விட்ச்சைப் போட்டு வை, புகை போகும் வழியை அடைத்து என்ஜினே வண்டியைப் பிடிக்கும். கால் பிரேக்கைத் தேவைக்கு மட்டும் தொடு.

பின்னால் ஹாரன் அடிப்பான், லைட் அடிப்பான். அடிக்கட்டும். இடது பக்கமாகப் போய்க்கொண்டே இரு.

ஓசூர் மெக்கானிக்:

பெரியவர் சொன்னது நல்ல பாடம். அதை மதித்தே ஒரு திருத்தம் சொல்கிறேன், காரணம் வண்டிகள் மாறிவிட்டன. அந்த விதி வந்த காலத்தில் என்ஜின் 110, 120 குதிரைத்திறன். அப்போது ஏறும் சக்தியும் இறக்கத்தில் என்ஜின் பிடிக்கும் சக்தியும் ஏறக்குறைய ஒரு அளவுக்குள் இருந்தன. இன்று தம்பி ஓட்டப்போகும் வண்டியில் 230, 250 இருக்கும், டர்போவும் உண்டு. அதனால் மேட்டை வேகமாக, உயர்ந்த கியரில் ஏறிவிடும். ஆனால் இறக்கத்தில் பிடிக்க இருப்பது எக்சாஸ்ட் பிரேக் மட்டும். அது ஏறும் சக்தி அளவுக்கு வளரவில்லை. ஆகவே ஏறிய கியரில் இறங்குவது இப்போது போதாது. அதிலிருந்து ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். லோடு முழுசாக இருந்தால் இரண்டு குறைத்தாலும் தப்பில்லை.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதைப் பார்த்த பிறகு யாரும் நியூட்ரல் போட மாட்டார்கள். 100 மீட்டர் தூரத்துக்கு 4 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 45.5 டன் வண்டியை அதில் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நிறுத்தி வைக்க, டயர் உருளும் தடையைக் கழித்தது போக, சுமார் 165 குதிரைத்திறன் அளவுக்கு எதிர்ப்பு தேவை. அதே சரிவில் 60-ல் போனால் 300-க்கு மேல் தேவை. சரிவு ஒன்றுதான், லோடும் ஒன்றுதான், வேகம் மட்டும் இரட்டிப்பு. 30-ல் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை என்ஜினும் எக்சாஸ்ட் பிரேக்கும் எடுத்துக்கொள்ளும், கால் பிரேக்குக்கு மிச்சம்தான். நியூட்ரலில் 60-ல் போகிறவன் முழுதையும் பிரேக் டிரம்மின் தலையில் கட்டுகிறான்.

டிரம்முக்கு என்ன ஆகிறது? 45.5 டன் எடை 100 மீட்டர் உயரம் இறங்கினால் 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வெளியே வந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் மொத்தம் பத்து டிரம். அந்தச் சூடு முழுதும் சில நிமிடத்தில் அவற்றில் இறங்கினால் நூற்றுக்கணக்கான டிகிரி ஏறிவிடும். டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் புகையும், பிடிப்பு போகும். அதோடு டிரம் சூட்டில் விரியும். விரிந்தால் லைனர் ஒட்டிய ஷூ போய்த் தொட அதிக தூரம் நகர வேண்டும், ஷூவைத் தள்ளும் ஏர் சேம்பரின் தள்ளுகோல் முழு நீளமும் வெளியே வந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றுமில்லை. "பிரேக் பிடிக்கவில்லை" என்று காவல் நிலையத்தில் சொல்கிறவர்களில் பலரின் வண்டியை அப்புறம் ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பிரேக் உடையவில்லை, வெந்துபோயிருந்தது.

பர்கூர் கிரானைட் லோடு:

மெக்கானிக் அண்ணா சொன்ன கியர் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். ஒன்பது ஸ்பீடு பெட்டியில் ஊர்வதற்கான மிகக் கீழ் கியர் கிராலர் ஒன்று, கீழ் வரிசை நான்கு, மேல் வரிசை நான்கு. குமிழில் உள்ள ஸ்விட்ச்சை மாற்றினால் வரிசை மாறும். இறக்கத்தில் வேகம் எடுத்த பிறகு மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு வர முயன்றால் கியர் விழாது. விழாவிட்டால் வண்டி எந்த கியரிலும் இல்லாமல் ஓடும். நியூட்ரலே வேண்டாம் என்று இருந்தவனும் நியூட்ரலில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆகவே தொப்பூர் வரும் முன்பே, சாலை இன்னும் சமமாக இருக்கும் இடத்திலேயே, வேகத்தை 25-க்குக் கொண்டுவந்து கீழ் வரிசை நான்கில் போட்டுவிடுங்கள். சரிவு பிடித்ததும் என்ஜின் கத்தும். பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியர் போடுகிறார்கள். எக்சாஸ்ட் பிரேக் வேலை செய்வதே அந்தக் கத்தலில்தான்.

காரிமங்கலம் டிரெய்லர்:

அண்ணா, மீட்டரில் பச்சைக் கோட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்று டெலிவரி கொடுக்கும்போது சொன்னார்கள். கத்தவிட்டால் என்ஜின் போய்விடாதா?

ஓசூர் மெக்கானிக்:

பச்சைக் கோடு இழுப்பதற்கு. 1200 முதல் 1600 சுற்று வரை டீசலும் குறைவு, இழுவையும் அதிகம். இறக்கத்தில் அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள். அங்கே 1800-க்கு மேல் இருந்தால்தான் எக்சாஸ்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும். எல்லை சிவப்புக் கோடு. அதைத் தாண்டவே கூடாது. கால் எடுத்தால் டீசல் நின்றுவிடும், அதனால் என்ஜின் தானாக அடங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இறக்கத்தில் என்ஜினைச் சுற்றுவது டீசல் இல்லை, சக்கரம். டீசலை அளக்கும் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. சிவப்பை நெருங்கினால் கால் பிரேக்கை நன்றாக அழுத்தி 8, 10 கிலோமீட்டர் குறையுங்கள், பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி ஏறும், மறுபடி அழுத்துங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதைவிட இது நல்லது, நடுவில் டிரம்முக்குக் காற்று கிடைக்கும்.

கிருஷ்ணகிரி லாரி உரிமையாளர்:

எல்லோரும் பேசுகிறீர்கள், சரி. வண்டி வாங்கியவன் நிலைமையையும் சொல்ல வேண்டும். மாதத் தவணை, டயர், இன்ஷூரன்ஸ், சுங்கம், எல்லாம் போக மிஞ்சுவது டீசலில் நாங்கள் பிடிக்கிற பிடிதான். ஒரு லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினால் அது பெரிய தொகை. இறக்கத்தில் உருட்டி வருகிறவன் மைலேஜ் காட்டுகிறான், கியரில் வருகிறவன் காட்டுவதில்லை என்பது என் அனுபவம். உயிரை விலை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நியூட்ரல் போடு என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் கணக்கு அப்படித்தானே வருகிறது?

ஓசூர் மெக்கானிக்:

ஐயா, கணக்கு அப்படி வரவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய காமன் ரெயில் என்ஜின் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடும். டீசல் பூஜ்யம். சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. பழைய பம்ப் என்ஜினிலும் கவர்னர் ஏறக்குறைய அதையே செய்யும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் ஊற்ற வேண்டும். பெரிய என்ஜின் ஐடிலில் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் குடிக்கும் என்று வைத்தால், பத்து நிமிட இறக்கத்துக்கு 300 மில்லிக்கு மேல். ஆக, சரிவில் டீசல் குடிப்பது நியூட்ரல் வண்டிதான்.

உருட்டி வருகிறவனுக்கு மைலேஜ் கூடுவதாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. லேசான இறக்கங்களில் அவன் எடுக்கிற வேகம் அடுத்த மேட்டில் உதவுகிறது. தொப்பூரில் அந்த வேகத்தை யாரும் வைத்துக்கொள்ள முடியாது, வளைவிலும் பாலத்திலும் பிரேக்கில் கொட்டியாக வேண்டும். மிச்சம் பிடித்த வேகம் லைனராகத் தேய்ந்து போகிறது. ஒரு செட் லைனர் மாற்றும் செலவையும், டிரம் வெடிப்பு விழுந்தால் அதன் விலையையும், வண்டி நிற்கும் நாள் கூலியையும் அந்த 300 மில்லியோடு சேர்த்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி லாரி உரிமையாளர்:

லைனர் கணக்கை இப்படி நான் சேர்த்துப் பார்த்ததில்லை. என் வண்டிகளில் எந்த டிரைவருக்கு லைனர் சீக்கிரம் போகிறது என்று நோட்டில் பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணம் பழைய டிரைவர்:

முதலாளிகளிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள். தொப்பூர் இருக்கிற ரூட்டுக்கு மைலேஜ் போனஸ் வைக்காதீர்கள். போனஸ் வைத்துவிட்டு நியூட்ரல் போடாதே என்று வாயால் சொன்னால் டிரைவர் எதைக் கேட்பான்? வீட்டில் இரண்டு பிள்ளை படிக்கிறது அவனுக்கு.

இப்போது தம்பி கேட்ட ஏற்றம். மேட்டில் இரண்டே இடத்தில் கிளட்ச் சாகிறது. ஒன்று, கியரைத் தாமதமாகக் குறைப்பது. சுற்று 1200-க்குக் கீழே விழும்வரை காத்திராதே. 1300 வரும்போதே ஒரு கியர் குறை. லோடு அதிகம், சரிவு அதிகம் என்றால் ஒரேயடியாக இரண்டு கியர் குறை. மெதுவாகக் குறைத்தால் கிளட்ச் மிதித்திருக்கும் நேரத்தில் வண்டி நின்றே போகும். மேட்டில் நின்ற டிரெய்லரை நகர்த்துவதைவிட ஓடுகிற டிரெய்லரை மெதுவாக ஓட்டுவது எவ்வளவோ மேல். அதனால் முன்னால் டிராபிக் தெரிந்தால் வேகமாகப் போய் ஒட்டி நிற்காமல், கிராலரிலோ ஒன்றிலோ ஊர்ந்துகொண்டே போ. இடைவெளி விட்டால் கார்காரன் நுழைவான். நுழையட்டும்.

இரண்டு, மேட்டில் நின்று எடுப்பது. ஹேண்ட் பிரேக் போட்டபடி கிராலர் போடு. கிளட்ச்சை மெதுவாக விட்டுக்கொண்டே வா. குதிரையின் மூக்கு லேசாகத் தூக்கும், அது கிளட்ச் பிடித்ததற்கு அடையாளம். அப்போது ஹேண்ட் பிரேக்கை விடு, காலை முழுசாக எடு. ஆக்ஸிலரேட்டர் அதிகம் வேண்டாம். அரைக் கிளட்ச்சில் வண்டியை மேட்டில் தாங்கி நிற்காதே. கருகல் வாசனை வந்துவிட்டால் அந்தக் கிளட்ச் தட்டின் ஆயுள் பாதி போனது. வாசனை வந்தால் ஓரம் கட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடு, ஆறவிடு. கட்டை இல்லாமல் மேட்டில் டிரெய்லரை நிறுத்தவே கூடாது. கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்கள் கட்டையை எட்டுகிற இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பென்னாகரம்:

ஒரு சந்தேகம். இப்போது ஆட்டோ கியர் வண்டிகளும் ரிடார்டர் (டிரம்மைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் கருவி) உள்ள வண்டிகளும் வருகின்றன. அதை வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

ஓசூர் மெக்கானிக்:

ரிடார்டர் இருந்தால் பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆட்டோ கியர் மட்டும் என்றால், இறக்கம் வருவது பெரும்பாலான பெட்டிகளுக்குத் தெரியாது. மேனுவல் முறைக்கு மாற்றிக் கியரைப் பிடித்து வைப்பது அங்கேயும் டிரைவர் வேலைதான். வேகம் பெருகினால் அதிலும் டிரம் வேகும்.

பர்கூர் கிரானைட் லோடு:

டிரெய்லருக்குப் புதிதாக வருகிறவருக்கு இன்னும் மூன்று விஷயம், பத்து சக்கரத்தைவிட இதில் இவை முக்கியம்.

டிரெய்லர் பிரேக்கும் குதிரை பிரேக்கும் சமமாகப் பிடிக்க வேண்டும். டிரெய்லர் சற்றே முந்திப் பிடித்தால் இன்னும் நல்லது, அது பின்னாலிருந்து இழுத்து நேராக வைக்கும். டிரெய்லரில் பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்து குதிரை மட்டும் பிடித்தால், பின்னால் இருக்கும் 30 டன் குதிரையைத் தள்ளும். வளைவில் தள்ளினால் இரண்டும் நடுவில் மடங்கி, டிரெய்லர் சாலையைக் குறுக்கே அடைத்துவிடும். அதனால் சிலர் இறக்கத்தில் ஸ்டியரிங் பக்கத்து டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். அதுவும் தப்பு, ஆறு டிரம் மட்டும் வெந்து போகும்.

அடுத்தது மழை. ஐப்பசி, கார்த்திகையில் தொப்பூர் நனைந்திருக்கும். எக்சாஸ்ட் பிரேக் பிடிப்பது டிரைவ் சக்கரங்களை மட்டும். காலி டிரெய்லரோடு ஈரச் சாலையில் முழு எக்சாஸ்ட் பிரேக் போட்டால் அந்தச் சக்கரங்கள் வழுக்கலாம், பின்னால் டிரெய்லர் தள்ளலாம். காலி வண்டிக்கும் ஈரத்துக்கும் எக்சாஸ்ட் பிரேக்கை அளவாக வைத்து, வேகத்தை முதலிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். லோடு இல்லையே என்று வேகமாக வருகிறவர்கள் கவிழ்வது இதனால்.

பிறகு லோடு கட்டுவது. நாங்கள் கிரானைட் கல் ஏற்றுகிறோம், உங்களுக்குக் காயில். ஒரு கல் 20 டன் வரும். சடன் பிரேக்கில் சங்கிலி விட்டால் அது நிற்கும் இடம் கேபின். காயிலை அதற்குரிய பள்ளத்தில், கட்டைக்கு நடுவில் உட்கார வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சங்கிலி போடச் சொல்லுங்கள். ஏற்றுகிற இடத்தில் அவசரப்படுத்துவார்கள். ஒரு கம்பெனியில் சங்கிலி இறுக்க நேரம் கேட்டதற்கு எங்களை வாசலுக்கு வெளியே போய்க் கட்டச் சொன்னார்கள். வெளியே போய்க் கட்டினோம், ஆனால் கட்டாமல் நகரவில்லை.

காரிமங்கலம் டிரெய்லர்:

அண்ணா, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். முதலாளியிடம் மெக்கானிக் அண்ணா சொன்ன டீசல் கணக்கைக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் ஷோரூமில் போன் போட்டுக் கேட்டார், கியரில் காலெடுத்தால் டீசல் நிற்பது உண்மை என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். தொப்பூருக்கு மைலேஜ் பேச மாட்டேன் என்றார்.

இரண்டு கேள்வி பாக்கி. இறக்கத்தில் பிரேக்குக்கான ஏர் மீட்டர் இறங்கினால் என்ன செய்வது? மேலுமலைக்கும் தொப்பூருக்கும் ஒரே கியர் போதுமா?

ஓசூர் மெக்கானிக்:

ஏர் 8 கிலோ அளவில் இருந்தால்தான் சரிவில் இறங்க வேண்டும். தொப்பூருக்கு முன்னால் எங்காவது பாதுகாப்பான இடத்தில் நின்று மீட்டரைப் பாருங்கள், எல்லா டயரையும் தட்டுங்கள், டிரெய்லர் ஏர் ஹோஸில் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். இறக்கத்தில் அடிக்கடி மிதித்தால் ஏர் செலவாகும், கம்ப்ரசர் அதை நிரப்பும். கியரில் 1800 சுற்றில் இருந்தால் கம்ப்ரசரும் வேகமாக ஓடும். நியூட்ரலில் 600 சுற்றில் அதுவும் சோம்பிவிடும், செலவு அதிகம், வரவு குறைவு. பஸ்ஸர் அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே இடது ஓரம் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் பிரேக் தானாக விழும், அது விழும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நின்ற பிறகு சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். தானாக ஆறட்டும்.

கியர் விஷயம். மேலுமலையில் சரிவு உண்டு, ஆனால் தொப்பூரின் நீளம் இல்லை. முழு லோடில் அங்கே கீழ் வரிசை நான்கு போதும் என்பது என் கருத்து. தொப்பூரில் முதல் சில தடவை மூன்றில் இறங்குங்கள். 20, 22-ல் போகும், பின்னால் திட்டுவார்கள். கால் பிரேக்கைத் தொடாமலே வண்டி அந்த வேகத்திலேயே இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், அடுத்த தடவை நான்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழே சமதளத்தில் நிறுத்தி ஒவ்வொரு டிரம்முக்குப் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். எல்லாம் ஒரே அளவில் சூடாக இருந்தால் அட்ஜஸ்ட்மெண்ட் சரி. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை, அதன் பங்கை மற்றவை சுமக்கின்றன. அந்தச் சக்கரத்தின் ஸ்லாக் அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) அடுத்த லோடுக்கு முன் பார்க்க வேண்டும்.

தொப்பூர்க்காரன்:

20-ல் இறங்குங்கள் தம்பி. எவன் திட்டினாலும் எங்கள் ஊர்ப் பக்கம் அப்படியே போங்கள்.